பூஜ்யத்துக்கு நேர்மாறு இல்லை

செவலூரணி ரயில் நிலையத்து நடைமேம்பாலம், மனிதர்கள் செய்ததைச் செய்யாததாக ஆக்கித் தரத் தொடங்கிய அந்தப் பங்குனி மாதத்தில், தவசிலிங்கம் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு கைடின் எட்டாம் பதிப்புக்காக நேர்மாறு என்ற பாடத்துக்குப் பயிற்சிக் கணக்குகள் செய்துகொண்டிருந்தார். காலண்டரும் வாழ்த்து அட்டையும் பள்ளிக்கூட கைடும் அச்சடித்துப் பிழைக்கிற அந்த ஊரில் கணக்குப் போடத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் இருந்தார்கள். கணக்கைச் செய்யத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

அவர் முதலில் விடையை எழுதுவார். தாளின் வலது ஓரத்தில் மூன்று என்று எழுதிவிட்டு, அந்த மூன்றை ஏதோ ஒன்றால் பெருக்கி, ஏதோ ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலத்துக்குள் நுழைத்து, இனி இது மூன்று என்று பெற்ற தாய்க்கும் தெரியாது என்கிற அளவுக்குப் புதைத்த பிறகுதான் இடது ஓரத்துக்கு வந்து சேர்வார். இருபத்தேழு வருடமாக அதுதான் வேலை. புதைக்கிறவனுக்கு ஒரே ஒரு தர்மம் உண்டு. தோண்டுகிறவனுக்கு வழி விட்டுப் புதைக்க வேண்டும். ஐந்தைக் கூட்டினால் ஐந்தைக் கழித்து மீளலாம், ஏழால் பெருக்கினால் ஏழால் வகுத்து மீளலாம், ஆனால் பூஜ்யத்தால் ஒரு தடவை பெருக்கிவிட்டால் அங்கே முதலில் இருந்தது மூன்றா முந்நூறா என்று சொல்ல யாராலும் ஆகாது. அதனால் ஒவ்வொரு பதிப்பிலும் அவர் தவறாமல் பெட்டி கட்டி ஒரு வரி போடுவார்: பூஜ்யத்துக்குப் பெருக்கல் நேர்மாறு இல்லை. அந்த வரியை எட்டாம் முறையாக எழுதிக்கொண்டிருந்த காலையில்தான், டீக்கடை பேச்சியம்மாள் பாலத்தைப் பின்புறமாக நடந்து கடந்தாள்.

அவள் வேண்டுமென்று அப்படி நடக்கவில்லை. கிழக்குப் படியில் ஏறும்போது ஒரு கோயில் மாடு கொம்பை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே வர, அதன் முகத்தைப் பார்த்தபடி தூக்குவாளியோடு நாற்பத்தொரு படியும் பின்னோக்கி ஏறி, பாலத்தைப் பின்னோக்கியே தாண்டி, மேற்குப் படி நாற்பத்தொன்றும் பின்னோக்கி இறங்கினாள். கீழே வந்து மூடியைத் திறந்தால், சற்று முன் அவள் உறை ஊற்றிய பால் உறையில்லாத பாலாக இருந்தது; கிண்ணத்தில் தீர்ந்துபோன உறைமோர் பழையபடி நிறைந்திருந்தது. பால்காரனைத்தான் முதலில் திட்டினாள். மறுநாள் உப்பு இரண்டு தடவை விழுந்த சாம்பாரை அப்படியே எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். ஒரு தடவை போட்ட உப்போடு சாம்பார் திரும்பி வந்தது. அதற்கப்புறம் அவள் பால்காரனைத் திட்டவில்லை. கடையை மட்டும் பாலத்தின் மேற்குக் காலடிக்கு மாற்றிக்கொண்டாள்.

ஊர் அதை ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. ரிவர்ஸ் பாலம் என்று பெயர் வைத்தார்கள். கோணலாக வெட்டிய சட்டைத் துணியோடு தையல்காரர்கள் வந்தார்கள். தன் கையாலேயே மொட்டை போட்டுவிட்டு மாப்பிள்ளை பார்க்க வருகிறார்கள் என்று கேள்விப்பட்டவன் வந்தான். இறங்கும்போது முடி இருந்தது, நேர்த்திக்கடன் பாக்கியும் திரும்ப இருந்தது. வாயை விட்டவர்கள்தான் அதிகம். மாமியாரிடம் சொன்ன சொல்லை, மேலதிகாரியிடம் சொன்ன சொல்லை, நிறைமாதக்காரியிடம் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க ஆணும் பெண்ணும் விடிந்ததும் கிழக்குப் படியில் வரிசை கட்டினார்கள். நிலையத்தார் முதலில் பின்புறமாக நடக்கக் கூடாது என்று பலகை வைத்தார்கள். அப்புறம், பலகை வைத்தவரே ஒரு நாள் முன்னும் பின்னும் பார்த்துவிட்டுப் பின்புறமாக ஏற, பலகையை எடுத்துவிட்டு ஓரத்தில் கைப்பிடிக் கயிறு கட்டினார்கள்.

பாலத்துக்கு விதிகள் இருந்தன. அவற்றை ஊருக்கு எடுத்துச் சொன்னவர் தவசிலிங்கம்தான். தன் கையால், தன் வாயால் செய்தது மட்டுமே திரும்பும். இரண்டு பேர் சேர்ந்து செய்ததை இரண்டு பேரும் சேர்ந்து நடந்தால்தான் திருப்ப முடியும். எல்லாவற்றுக்கும் மேலாக, கடைசியில் செய்ததுதான் முதலில் திரும்பும். இதைத்தான் ஜனங்களால் ஜீரணிக்க முடியவில்லை. போன வருடம் செய்ததைத் திருப்ப நேராக வந்து நின்றவர்கள், காலையில் பல் விளக்கியது மட்டும் திரும்பி, வாய் நாறிக்கொண்டு இறங்கினார்கள்.

"பனியனுக்கு மேல சட்டை போட்டிருக்கீங்க. சட்டையக் கழட்டாம பனியனக் கழட்ட முடியுமா?" என்று தவசிலிங்கம் கேட்டார்.

"முடியும்," என்றான் சங்கரபாண்டி. அவன் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவன், அவரை விட ஏழு வயது இளையவன், எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவன். "பனியனக் கிழிச்சா முடியும் அண்ணாச்சி."

"கிழிச்சா அது கழட்டுறதில்ல. வேற ஒரு காரியம். அதும் மேல போய்ச் சேந்துக்கும்."

விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட ஒரு தம்பதி சேர்ந்து நடக்க வந்தார்கள். கையைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினார்கள். பாதிப் பாலத்தில் யார் கால் முதலில் என்று சண்டை வந்தது. சண்டை மேலே ஏறிக்கொண்டதால் இறங்கும்போது சண்டை மட்டும்தான் திரும்பியிருந்தது. மறுபடி ஏறினார்கள், மறுபடி சண்டை. ஐந்தாம் தடவை அந்தப் பெண் படியிலேயே உட்கார்ந்து, சிரிப்பை அடக்க முடியாமல், "இந்தாளு கூட பின்னாடி நடக்கிறதுக்கு முன்னாடியே நடந்துரலாம்" என்றாள். பத்திரம் பத்திரமாகவே இருந்தது. அவர்கள் ஒரே ஆட்டோவில் போனார்கள்.

ஆனால் பாலம் ஊருக்கு வேறொன்றும் செய்தது. அதை மெதுவாகத்தான் கவனித்தார்கள். ஒரு காரியத்தைச் செய்துவிட்டு, பின்னால் திருப்ப வேண்டியிருக்குமோ என்று நினைத்தவர்கள், அதன் மேல் வேறு காரியம் ஏறாமல் பார்த்துக்கொண்டார்கள். நிச்சயதார்த்தம் முடிந்த வீட்டில் நான்கு நாள் யாரும் எதுவும் பேசவில்லை. கையெழுத்துப் போட்டவர்கள் பட்டினி கிடந்தார்கள். சாப்பிடுவது கணக்கில் சேருமா சேராதா என்று ஒருவருக்கும் நிச்சயமில்லை. "எதுக்கும் இருக்கட்டும்" என்பது ஊரின் வார்த்தையாயிற்று. எதுக்கும் இருக்கட்டும் என்று சுவருக்குப் பாதி வெள்ளை அடித்து நிறுத்தினார்கள், எதுக்கும் இருக்கட்டும் என்று தெருவில் எதிரே வந்தவரைப் பார்த்துச் சிரிக்காமல் போனார்கள். சித்திரை வெயிலில் செவலூரணி, உட்கார்ந்தே மரத்துப்போன கால் மாதிரிக் கிடந்தது. அந்த மரப்பு தவசிலிங்கத்துக்குப் புதிதாகத் தெரியவில்லை. தன் வீட்டிலிருந்து அது தெருவுக்குப் பரவிவிட்டது போலத்தான் அவருக்கு இருந்தது.

ஒன்பது வருடத்துக்கு முன் அவருடைய ஒரே மகள் செண்பகவல்லி, அச்சகத்துக்கு மை கொண்டுவந்த வேனின் டிரைவர் அமலதாஸைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். வேறு சாதி, வேறு வேதம். சொந்தக்காரர்கள் கூடி, தலைமுழுகிவிடு என்றார்கள். வாசலில் நின்று மூன்று குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, இன்றோடு இவள் எங்களுக்கு இல்லை என்று சொன்னால் போதும். ஊரில் பலர் அப்படிச் செய்தவர்கள்தான், பேரன் பிறந்ததும் தலை துவட்டிக்கொண்டவர்கள்தான். தவசிலிங்கம் எதையும் அரைகுறையாகச் செய்து பழகாதவர். அவர் அச்சகத்துக்குப் போனார்.

அச்சகங்களின் ஊரான செவலூரணியில் யாரும் மூச்சு நின்றதும் சாவதில்லை. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் பஸ் நிலையச் சுவரில் ஏறிய பிறகுதான் சாகிறார்கள். போஸ்டர் ஒட்டாமல் அழத் தொடங்கினால், என்ன அவசரம் என்று பக்கத்து வீட்டார் கேட்பார்கள். பாலம் வருவதற்கு வெகு காலம் முன்பே அந்த ஊரில் அது சட்டமாக இருந்தது. தவசிலிங்கம் மகளின் கல்லூரி அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி, மேலே இரண்டு கண்கள் கண்ணீர் சிந்த, தோற்றம் மறைவு என்று தேதிகள் போட்டு, இருநூறு பிரதி அடித்தார். சங்கரபாண்டி மெஷினை ஓட்ட மாட்டேன் என்று வெளியே போய்விட்டான். அவரே ஓட்டினார், அவரே ஒட்டினார். பஸ் நிலையத்தில், தண்ணீர்த் தொட்டியில், ரயில் நிலைய மதிலில். கடைசிச் சாமான்களை எடுக்க வந்த செண்பகவல்லி பஸ்ஸில் ஏறும்போது தன் படத்தைப் பார்த்தாள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். நின்று முழுக்கப் படித்துவிட்டு ஏறினாளாம்.

அவர் மனைவி வேலுத்தாய் அன்று அழவில்லை. சோறு போட்டுவிட்டு, "அவ பொறந்தது ஆவணி பதினெட்டு. நீங்க பன்னெண்டுன்னு போட்டிருக்கீங்க," என்றாள். இருபத்தேழு வருடமாக அவரே ப்ரூஃப் பார்த்ததில் தவறவிட்ட ஒரே அச்சுப்பிழை அதுதான். அதற்குப் பிறகு மகளைப் பற்றி அவள் ஒரே ஒரு தடவைதான் பேசினாள். இரண்டு வருடம் கழித்து, வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "பொம்பளப் புள்ளயாம்," என்றாள். அவர் கைடின் பக்கத்தைத் திருப்பினார். போன வருடம் தை மாதத்தில் வேலுத்தாய் இறந்தாள். அவளுக்கும் போஸ்டர் அடித்தார்கள். துயரத்தில் வாடும் என்பதற்குக் கீழே கணவர் தவசிலிங்கம் என்று ஒரு வரி மட்டும் இருந்தது. சங்கரபாண்டி பழக்கத்தில் மகன் மகள் மருமக்கள் பேரன் பேத்திகளுக்கு விடுகிற இடத்தை விட்டிருந்ததால், அந்த வரிக்குக் கீழே ஒரு சாண் அகலத்துக்கு வெள்ளையாகவே ஊரெல்லாம் ஒட்டப்பட்டது.

அந்த வெள்ளையைத்தான் தவசிலிங்கம் பதினைந்து மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். துக்கம் வரவில்லை. குற்ற உணர்ச்சி என்று ஒன்று உண்டென்று அவருக்குத் தெரியும், அதுவும் வரவில்லை. இருநூறு போஸ்டரில் அவர் பூஜ்யத்தால் பெருக்கியது மகளையா தன்னையா என்று சில சமயம் யோசிப்பார். யோசனையிலும் சூடு இருக்காது. பாலம் வந்தபோது, வழி இருக்கிறது, நடந்து பார்த்தால் என்ன என்று மட்டும் தோன்றியது. அந்த ஒரு நாளைத் திருப்பிவிட்டால் மகள் போஸ்டரைப் படிக்காமல் பஸ் ஏறியிருப்பாள்.

"எத்தன தடவ ஏறணும் அண்ணாச்சி?" என்று சங்கரபாண்டி கேட்டான்.

"ஒரு நாளைக்கு நாப்பது காரியம்னு வச்சா, ஒம்பது வருசத்துக்கு லட்சத்து முப்பத்தோராயிரத்து நானூறு."

"முட்டி என்னத்துக்கு ஆகும்? பின்னாடி போகப் போக முட்டியும் பழைய முட்டி ஆயிருமோ?"

"முட்டி நான் செஞ்சதில்ல."

"அப்ப ஒரு குழாய்த் தைலம் வாங்கித் தாரேன்," என்றான் அவன்.

சித்திரை பத்தாம் தேதி தவசிலிங்கம் ஏறத் தொடங்கினார். காலை ஐந்தரைக்கு வரிசையில் நிற்பார்; பின்னோக்கிப் போய், முன்னோக்கி வந்து, பின்னோக்கிப் போய், முன்னோக்கி வந்து, பொழுது சாயும் வரை நடப்பார். முதலில் எட்டாம் பதிப்பின் கணக்குகள் திரும்பின. புதைத்த மூன்றும் நான்கும் கழித்தல் ஐந்தும் எழுந்து போக, பக்கங்கள் வெளுத்தன. அச்சக முதலாளி கார் அனுப்பிக் கூப்பிட்டு, "அண்ணாச்சி, நூத்திப் பதினோராம் பக்கம் வெள்ளையா இருக்கு, பெட்டிக்குள்ள இருந்த வரியக்கூடக் காணோம்," என்றார். அது இருக்கும், ஏழாம் பதிப்பில் பாருங்கள் என்றார் தவசிலிங்கம்.

நாலாம் நாள்தான் அவருக்கு ஒன்று விளங்கியது. ஒரே நடையில் இரண்டு வாரம் கழன்றுகொண்டது. அடுத்த நடையில் ஒரு மாதம். கூட்டினாலும் எண்ணை மாற்றாத பூஜ்யம் போல, பெருக்கினாலும் மாற்றாத ஒன்று போல, எதையும் மாற்றாத காரியங்களைப் பாலம் தனியாக எண்ணவில்லை. வேலுத்தாய் போனபிறகு அவர் எழுந்தது, குளித்தது, ருசியில்லாமல் தின்றது, படுத்தது எல்லாம் சேர்ந்து பாலத்தின் கணக்கில் ஒன்றுமில்லை. லட்சக்கணக்கில் நடக்கத் தயாராக வந்தவர், பதினைந்து மாத வாழ்க்கையைப் பத்தொன்பது நாளில் கடந்துவிட்டார். சங்கரபாண்டியிடம் இதைச் சொன்னார். அவன் தைலக் குழாயை எடுத்து அவர் காலுக்குத் தேய்த்துவிட்டான்.

எண்ணப்பட்ட காரியங்கள் கொஞ்சம்தான். ஆடியில் அவர் வேலுத்தாயின் சேலைகளைத் தானம் கொடுத்திருந்தார். பேச்சியம்மாளுக்கு ஒரு கத்திரிப்பூ நிறச் சேலை போயிருந்தது. "நாளைக்கு அந்தச் சேலையக் குடுத்த எடத்துக்கு வருவேன்," என்று முன்கூட்டியே சொன்னார். "நல்லவேளை சொன்னீங்க அண்ணாச்சி," என்று அவள் பழைய சேலை கட்டிக்கொண்டு வந்தாள். "பாதி யாவாரத்துல உருவியிருந்தா இன்னொரு போஸ்டர் அடிக்க வேண்டி வந்திருக்கும்." அன்று மாலை அவர் வீட்டு அலமாரியில் பதினேழு சேலையும் மடிப்புக் கலையாமல் இருந்தன. மறுநாள் குப்பையில் போட்ட வேலுத்தாயின் மூக்குக் கண்ணாடி. அதற்கடுத்த நாள் அவர் வெட்டிப்போட்ட பிச்சிக் கொடி, வெட்டுப்பட்ட இடமே தெரியாமல், மாடிக்கு ஏறி இருந்தது. வீடு நிரம்பிக்கொண்டே வந்தது. அவர் நடுவில் உட்கார்ந்து தண்ணீர் ஊற்றிய சோற்றைத் தின்றார்.

பதினாறாம் நாள் நடையில் ஒரு கடிதம் கைக்கு வந்தது. போன வருட மாசியில், துக்கம் முடிந்து நாற்பது நாளுக்குப் பிறகு வந்த கடிதம். அனுப்புநர் பெயரைப் பார்த்ததும் பிரிக்காமல் நான்காகக் கிழித்திருந்தார். இப்போது அது கிழியாமல், பசை விடாமல் சட்டைப் பையில் இருந்தது.

"படிங்க," என்றான் சங்கரபாண்டி.

"படிச்சா அது மேல ஒரு காரியம் ஆயிரும். இன்னும் கொஞ்சம்தான். அந்த நாளுக்குப் போயிட்டா இந்தக் கடுதாசிக்கே வேலை இருக்காது."

பதினெட்டாம் நாள், கடலில் கரைத்த சாம்பல் சிவப்புத் துணி கட்டிய பானையோடு ஈரமாக வாசலில் இருந்தது. அடுத்த நடையில் பானை காலியாயிற்று. அதற்கடுத்த நடை, பிள்ளையில்லாத வீடானதால் அவரே தன் கையால் வைத்த தீ. பத்தொன்பதாம் நாள் காலை அவர் கிழக்குப் படியில் கால் வைத்தபோது வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. பேச்சியம்மாள் அடுப்பை அணைத்துவிட்டுக் கும்பிட்டபடி நின்றாள். அவர் பின்னோக்கி ஏறினார், பின்னோக்கி நடந்தார், பின்னோக்கி இறங்கினார். இறங்கி, சுடுகாட்டுக்கு ஆட்டோவில் போனார்.

அங்கே வேலுத்தாயை எரித்த மேடையில் சாம்பல் இருந்தது. அள்ளாத சாம்பல். திரும்பி வந்து மறுபடி நடந்தார். மறுபடி போய்ப் பார்த்தார். சாம்பல்தான். ஏழு தடவை நடந்தார். ஏழாம் தடவை சுடுகாட்டுக் காவல்காரர் பீடியை அணைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"வெந்தது திரும்பாது ஐயா. உங்களுக்கு முன்னால நாலு பேரு வந்துட்டுப் போயிட்டாங்க. எல்லாருக்கும் இதுவரைக்கும்தான்."

தவசிலிங்கம் மேடையின் விளிம்பில் உட்கார்ந்தார். அவருக்கு ஆச்சரியமில்லை; இதற்கும் அவர் கணக்குகள் செய்திருக்கிறார். விறகு எரிந்து சாம்பல், நெய் எரிந்து சாம்பல், கல்யாணப் புடவை எரிந்து சாம்பல், வேலுத்தாய் எரிந்து சாம்பல். பல கணக்குகளுக்கு ஒரே விடை வந்துவிட்டால், விடையைக் கையில் வைத்துக்கொண்டு எந்தக் கணக்கிலிருந்து வந்தோம் என்று கண்டுபிடிக்க வழியில்லை. இதற்கு அந்தப் பக்கத்தில்தான் மகளின் போஸ்டர் இருந்தது. எட்டு வருடம் வேலுத்தாய் உயிரோடிருந்த காலமெல்லாம் அந்தப் போஸ்டர் வரைக்கும் திரும்பிப் போக வழி இருந்திருக்கும், பாலம்தான் இன்னும் எதையும் திருப்பித் தரத் தொடங்கவில்லை. பாலம் வந்தபோது அவள் நடுவில் சாம்பலாகக் கிடந்தாள். இனி மேலே ஏற்றக்கூடாது என்று காத்து வைக்க ஒன்றுமில்லை. அவர் சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்துப் பிரித்தார்.

'அப்பாவுக்கு. அம்மா போனது எனக்கு எட்டாம் நாள்தான் தெரிந்தது. நான் வரவில்லை. செத்தவள் வந்தால் ஊரில் என்ன முறை என்று எனக்குத் தெரியாது. அம்மாவுக்குப் போஸ்டர் அடித்திருப்பீர்கள். ஒன்று மட்டும் அனுப்பி வையுங்கள். மடித்து அனுப்பினாலும் பரவாயில்லை. வேறு எதுவும் வேண்டாம். செண்பகவல்லி.' கீழே தூத்துக்குடி விலாசம் இருந்தது.

இரண்டு தடவை படித்தார். பிழை பார்க்கிறவர் போல மூன்றாம் தடவையும் படித்தார். அனுப்பினால் என்ன அனுப்புவது என்று யோசித்தார். அந்த வெள்ளையையா? ஐந்தைக் கூட்டியவன் திரும்பி வர, காலத்தில் பின்னால் போய் அந்த ஐந்தைக் கூட்டாமல் இருப்பதில்லை. இருக்கிற இடத்திலிருந்து, இன்னொரு காரியமாக, ஐந்தைக் கழிக்கிறான். நேர்மாறு என்பதும் ஒரு காரியம்தான். மேலே வைக்கிற காரியம். இருபத்தேழு வருடம் இதைத்தான் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார். சுடுகாட்டுக் காவல்காரரிடம் ஒரு பானை கேட்டு வாங்கி, சாம்பலை இரண்டாம் முறையாக அள்ளினார்.

அச்சகத்தில் சங்கரபாண்டி பழைய கோப்பைத் திறந்து வேலுத்தாயின் போஸ்டரை எடுத்தான். தவசிலிங்கம் நின்றபடி சொன்னார். "கணவர் தவசிலிங்கம். அதுக்குக் கீழ, மகள் செண்பகவல்லி. மருமகன் அமலதாஸ். பேத்தி..."

"பேத்தி?" என்று விசைப்பலகையில் கையை வைத்துக்கொண்டு அவன் கேட்டான்.

"கோடு போடு."

"கோடா?"

"நெரப்பிக்கலாம். எடம் விடு."

"எத்தன பிரதி?"

"எரநூறு."

இந்தத் தடவை அவன் வெளியே போகவில்லை. காலையில் இரண்டு பேருமாகப் பசை வாளியோடு போய், பஸ் நிலையத்தில், தண்ணீர்த் தொட்டியில், ரயில் நிலைய மதிலில், எங்கெங்கே ஒன்பது வருடத்துக்கு முன் ஒட்டினாரோ அங்கங்கே ஒட்டினார்கள். ஊர் கூடிப் படித்தது. பதினைந்து மாதம் கழித்து எதற்கு அஞ்சலி என்று யாரும் கேட்கவில்லை. இறந்தவர் வரிசையில் இருந்த பெண் துயரத்தில் வாடுகிறவர் வரிசைக்கு வந்திருப்பதைத்தான் பார்த்தார்கள். இந்த ஊரில் யார் உயிரோடிருக்கிறார்கள் என்பதைச் சுவர்தான் சொல்லும், சுவர் சொல்லிவிட்டது.

"செண்பா பொழச்சிட்டா," என்றாள் பேச்சியம்மாள் பக்கத்திலிருந்தவரிடம். "அண்ணாச்சி பாலத்துல நடந்து நடந்து இழுத்துட்டு வந்துட்டாரு."

தவசிலிங்கத்துக்கு அதைத் திருத்த வேண்டும் போலிருந்தது. பாலத்தால் இது நடக்கவில்லை என்று பெட்டி கட்டிப் போட வேண்டும் போலிருந்தது. பஸ் வந்துவிட்டது. பானையைத் துணிப்பையில் வைத்து, போஸ்டர் ஒன்றைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கி, பையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

தூத்துக்குடியில் அந்த வீடு ஒரு மெக்கானிக் கடைக்குப் பின்னால் இருந்தது. கதவைத் திறந்தவளுக்கு ஏழு வயது இருக்கும். யார் வேணும் என்றாள். அவர் பதில் தேடுவதற்குள் பின்னால் செண்பகவல்லி வந்து நின்றாள். நெற்றியோரம் கொஞ்சம் நரைத்திருந்தது. அவள் அழவுமில்லை, உள்ளே வாங்க என்று சொல்லவுமில்லை. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, செருப்பைப் பார்த்துவிட்டு, பையைப் பார்த்தாள்.

"பஸ்ஸுலயா வந்தீங்க?"

"ஆமா."

"பையில என்ன?"

"அம்மா."

அவள் குனிந்து, தூங்குகிற பிள்ளையை வாங்குவது போல இரண்டு கையாலும் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். உள்ளே ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

வாசலில் அவரும் சிறுமியும் சுருட்டிய போஸ்டரும் இருந்தார்கள். அவள் அதைத் தரையில் விரித்து, சுருளாமல் இருக்க ஒரு ஓரத்தில் தன் காலையும் மறு ஓரத்தில் அவர் செருப்பையும் வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே வந்தாள். "இது எங்கம்மா பேரு. இது அப்பா. இங்க ஏன் கோடு இருக்கு?"

"அது உன் பேரு. எனக்குத் தெரியல."

"இது கூடவா தெரியாது?" என்றாள் அவள். அவர் சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனாவை, அவர் பிழைகளைச் சுழிக்கிற பேனாவை, கேட்காமலே உருவி, நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதத் தொடங்கினாள். வே என்று எழுதினாள். லு என்று எழுதினாள். அடுத்த எழுத்து வருவதற்கு முன் அவர் கண் தானாகப் போஸ்டரின் மேல் வரிக்குப் போய், அங்கே பெரிய எழுத்தில் ஏற்கனவே அச்சாகியிருந்த பெயரில் நின்றது.

உள்ளேயிருந்து செண்பகவல்லியின் குரல் வந்தது, கரகரத்து, பழைய எரிச்சலோடு. "பேத்திக்கு வேற யார் பேர வப்பாங்க? ப்ரூஃப் பாக்கிற ஆளுக்கு இதுகூடத் தெரியலையா?"

தவசிலிங்கம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். இரண்டரை மணி நேரம் பையைச் சுமந்து மரத்துப்போயிருந்த இடது காலில் முதலில் ஒரு எறும்பும், பிறகு நூறும், பிறகு எண்ண முடியாத அளவும் ஊரத் தொடங்கின. வலித்தது. நன்றாகவே வலித்தது.